அவர் பெயரில் போன என் போத்தல்

இதை வாசிக்கும் டொக்டர்மார் கோபித்தாலும் எனக்குக் கவலையில்லை.

மருதமுனையில் கைத்தறி நூலுக்குச் சாயம் தோய்ப்பவள் நான். நாற்பத்தெட்டு வயதில், வலியே இல்லாமல் சிறுநீர் சிவப்பாகப் போகத் தொடங்கியது. கல்முனையில் ஒரு டொக்டரிடம் போனோம். அவர் என்னைப் பார்க்காமல் என் கணவரிடம், "மாதவிடாய் நிக்கிற வயசு, இப்பிடித்தான்" என்றார்.

"அது நிண்டு ரெண்டு வருசம். இது சிறுநீரோடதான் வருது, டொக்டர்."

"பொம்பிளைகளுக்கு வித்தியாசம் விளங்காது" என்று சிரித்தார். ஏழு மாதம் குளிசை விழுங்கினேன்.

அதற்கிடையில் என் கணவரின் தம்பிக்கு ஒரே ஒரு தடவை சிறுநீரில் இரத்தம் போனது. அதே டொக்டர் அன்றைக்கே மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார். அங்கே பார்த்தால், சிறுநீரகத்தில் வெறும் கல்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் சிறுநீரைப் போத்தலில் பிடித்துக் கணவரிடம் நீட்டினேன். "இத உங்கடயெண்டு சொல்லி அந்த டொக்டரிட்டயே குடுங்க."

"பொய் சொல்லச் சொல்றியா புள்ள?"

"ஓம். உண்மையச் சொல்லி ஏழு மாசமாச்சு."

போனவர் கையோடு கடிதம் கொண்டுவந்தார். "சுணங்க வேணாமாம், புற்றுநோயாவும் இருக்கலாமாம்" என்றார்.

அவர் பெயரிலிருந்த அந்தக் கடிதத்தோடு மட்டக்களப்புக்குப் போய், போத்தல் என்னுடையதென்று சொன்னது நான். சிறுநீர்ப்பையில் புற்றுநோய்க் கட்டி. ஆழமாக இறங்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ், வெட்டியெடுத்தார்கள்.

"இது ஆம்பிளைகளுக்குத்தான் கூடுதலா வாறது. பொம்பிளைகளுக்குப் பிந்தித்தான் தெரியவரும்" என்றார் அங்கிருந்த பெரிய டொக்டர். ஏன் பிந்துகிறது என்று அவருக்கு நான் சொன்னேன்.

இப்போதெல்லாம் எந்த டொக்டரிடம் போனாலும் போத்தலை முதலில் மேசையில் வைக்கிறேன். அவர் பார்த்துச் சொல்லி முடிக்கும்வரை, அது யாருடையது என்று வாய் திறப்பதில்லை.