ரோலர் சத்தத்தில் ஒரு ரொக் பாடகர்

எனக்கு மிகவும் பிடித்த ஒரு கசெட்டை, இன்னொருவர் என்னைவிட நன்றாக ரசித்துவிட்டார் என்பதற்காக, வெறும் இரைச்சல் என்று திட்டித் திரிந்தவன் நான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். பதுளையில் நான் படிப்பித்த பள்ளிக்கூடத்தில் வெள்ளிக்கிழமை இடைவேளைகளில் ஆசிரியர் அறையில் பாட்டுக் கேட்போம். ஆங்கிலப் பாடத்துக்கென்று வந்த ரேடியோ கசெட் என் பொறுப்பில் இருந்தது. ஆகவே ரசனையும் என் பொறுப்பில்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மேல்நாட்டுப் பாட்டு எதுவானாலும், முடிந்ததும் எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். யோசிப்பதுபோல் கொஞ்சம் யன்னல் பக்கம் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, எல்லோருக்கும் தெரிந்த ஒரு ரொக் பாடகரின் புதிய கசெட்டைப் போட்டேன். புதியது என்றால், கொழும்புக்குப் பழையதாகிப்போய்ப் பதுளைக்குப் புதியது. மனிதர் கிட்டாரை மூலையில் சாத்திவிட்டு, நியூ வேவ் என்று ஏதேதோ பரிசோதனை செய்திருந்தார். மெஷின் தாளம்; அதற்குமேல் பாட்டா பேச்சா என்று பிடிபடாத குரல். எனக்குப் புல்லரித்தது. ஏன் என்று சொல்லத்தான் வார்த்தை வரவில்லை. யன்னலைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்துவிட்டேன்.

அதற்குள் கணித ஆசிரியர் வாயைத் திறந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், மாற்றலாகி வந்து ஒரு பள்ளித் தவணைகூட முடியவில்லை.

“பசறை பஸ்ஸில போகேக்க தேயிலைத் தொழிற்சாலைச் சத்தம் கேக்குமெல்லே? அதுக்குள்ள ஒருத்தன் நிண்டு தனக்குத்தானே பாடினா இப்பிடித்தான் இருக்கும். ஆரும் கேக்கினமோ எண்டு அவனுக்குக் கவலையில்லை.”

“சேர் சொன்ன பிறகுதான் விளங்குது. இன்னொருக்கா போடுங்க” என்றார் சமூகக்கல்வி டீச்சர். போடச் சொன்னது என்னை, பார்த்தது அவரை.

எனக்கு வயிறு எரிந்தது. அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில், தோட்டத் தொழிலாளர் லய வீட்டில் பிறந்தவன் நான். தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோரு என்போம். ஸ்டோரில் இலை அரைக்கும் ரோலர் ஓடினால்தான் சின்ன வயதில் எனக்குத் தூக்கமே வரும். பஸ்ஸில் போகும்போது கேட்டவர், நான் சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்லிவிட்டார்.

“வெறும் இரைச்சல். ஆளுக்கு வயசாயிருச்சு” என்று கசெட்டை வெளியே எடுத்தேன்.

சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமே. பள்ளியில் திட்டினேன், வீட்டில் கேட்டேன். “ஸ்டோரு சத்தம் வேணாம்னுதானே டவுனுக்கு வந்தோம், அத ஏன் வீட்டுக்குள்ள ஓட விடுறீங்க?” என்பாள் மனைவி.

ஒரு சனிக்கிழமை, வினாத்தாள் வாங்கக் கணித ஆசிரியரே வந்து வாசலில் நின்றார். பாட்டு உச்சத்தில் இருந்தது.

“மக போட்டது” என்றேன்.

என் மடியில் தூங்கிக்கொண்டிருந்த கைக்குழந்தையை அவர் பார்த்தார். “பிள்ளைக்கு நல்ல ரசனை” என்றுவிட்டு உட்கார்ந்து கேட்டார். தேநீர் கொண்டுவந்த மனைவியிடம், குரல் எந்த இடத்தில் தாளத்துக்குப் பின்தங்கி, எந்த இடத்தில் ஓடிவந்து சேருகிறது என்று விளக்கினார். அவள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்று கேட்டாள். “இன்னொரு தடவ போடுங்க” என்றாள். என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

அவர் போனபிறகு, அவளுக்காகவே மறுபடி போட்டேன். பாதியில் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

“இப்பதானே நல்லாருக்குன்னு சொன்ன?”

“அவரு இருக்கையில பாட்டா இருந்துச்சுங்க. இப்ப ஸ்டோருதான் ஓடுது.”