அவன் வாசிக்காத பாட்டு

அக்காவைக் கட்டிக்கொடுத்த இடத்தில் வாயைத் திறக்கக் கூடாது என்பார்கள். அவன் விஷயத்தில் அந்த இடம் ஒரு ராக் இசைக்குழு. அக்கா புருஷன்தான் பாடகர், தலைவர், எல்லாம். இவன் பாஸ் கிட்டார். டிரம்ஸுக்குப் பக்கத்தில், விளக்கு எட்டாத மூலையில் பதினெட்டு வருடம் நின்றான். குழுவில் அவனுக்கு 'மச்சான்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. சுவரொட்டி ஒட்டுகிறவன்கூட அப்படித்தான் கூப்பிட்டான். அதை அவன் குறையாக நினைத்ததில்லை. அவர்களைத் தூக்கி நிறுத்திய முதல் ஆல்பத்தில் ஒரு பாட்டு பாஸில்தான் தொடங்கும். கேட்டவர்களெல்லாம் அவன் கையைப் பிடித்துக்கொண்டு பாராட்டினார்கள்.

அந்தப் பாட்டின் நடுவே ஓரிடத்தில் விரல் தந்தியில் மேலிருந்து வழுக்கிக்கொண்டு இறங்கி, தாளத்தில் கச்சிதமாக உட்காரும். மேடையில் அது அவனுக்கு ஒருநாளும் சரியாக விழுந்ததில்லை. பதிவு செய்த அன்றைக்கு என்னவோ கை வந்திருக்கிறது என்று நினைத்து, கதவைச் சாத்திக்கொண்டு மணிக்கணக்காகப் பழகுவான்.

ஒரு கச்சேரிக்கு முன்பு, அந்த ஆல்பத்தைப் பதிந்த பழைய ஒலிப்பதிவாளர் வந்திருந்தார். அவன் பழகுவதைப் பார்த்தபடி டீயை உறிஞ்சினார்.

"இன்னும் அதை விடலையா நீ? வாசிச்ச மனுஷன் போன மாசம் போய்ச் சேர்ந்துட்டாரு. நல்ல கை."

"எதை வாசிச்சவரு?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "உனக்கு யாரும் சொல்லலையா?"

ஆல்பம் முழுவதும் அவன் வாசித்ததை அழித்துவிட்டு, வெளியாள் ஒருவரை வைத்து ஒரே மத்தியானத்தில் திரும்பப் பதிந்திருக்கிறார்கள்.

ஒப்பனை அறையில் அத்தான் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். அவன் கேட்டதும் மறுக்கவில்லை.

"உனக்குத் தாளம் நிக்கலை, கழட்டிவிடுன்னு கம்பெனிக்காரன் சொன்னான். உங்கக்கா முகத்துக்காக வச்சுக்கிட்டேன். நியாயமா நீ எனக்கு நன்றி சொல்லணும்."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"சொல்ல வேண்டாம்னதே அவதான்."

அன்றைய மேடையில் அந்தப் பாட்டின் பாதியில் அவன் கையை எடுத்துவிட்டான். டிரம்ஸ்காரர் மட்டும் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். கூட்டம் அது பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது.

அவன் குழுவை விட்டு வந்தபின் அக்கா வீடு தேடி வந்தாள்.

"உன் மனசு நோகும்னுதான்டா மறைச்சேன்."

"எல்லாரும் என்னைப் பாராட்டுறப்போ நீ பக்கத்துல நின்னு சிரிச்சியேக்கா."

அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். பிறகு வரவில்லை.

வாசித்தவர் முகத்தையாவது பார்த்துவிட வேண்டும் போலிருந்தது. விசாரித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனான். மாடிக் குடியிருப்பு, சுவரில் படம், குண்டு முகம். பாட்டின் பெயரைச் சொன்னதும் அவர் மனைவி யோசித்தார்.

"அவரு தினம் ஒரு இடத்துல வாசிப்பாரு தம்பி. அந்தப் பாட்டா? ரேடியோவுல வந்தாலே, ஒரே இரைச்சல்னு நிறுத்திடுவாரே!"

அவன் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் படியிறங்கினான். இப்போது ஒரு டைல்ஸ் கடையில் நிற்கிறான். அவன் நின்ற மூலையில் பாஸ் வாசிக்கக் கணினி ஒன்றை வைத்துக் குழு நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கிறது.