“தப்பு எங்க மேலதான்”

சிங்கப்பூரில் வேலை முடிந்து வீடு திரும்பும் பஸ், எல்லைப் பாலத்தின் நடுவே நெரிசலில் நின்றுகொண்டிருந்தது. என்னோடு சேர்ந்து இலவசக் கணினி வகுப்பு நடத்திய வாணியின் கணவர் போன் செய்தார். “ரவி, வாணி போயிட்டா.” நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை. அதற்கு முந்தின நாள்தான், “சனிக்கிழமை கிளாஸுக்கு எக்ஸ்டென்ஷன் வயர் கொண்டு வாங்க, மறந்தீங்கன்னா பாருங்க” என்று என்னை மிரட்டியிருந்தார். பஸ்ஸில் எல்லார் முன்னாலும் அழுதேன்.

கூலாய் கோயில் மண்டப மாடியில் அவரிடம் படித்தவர்களே, உங்களுக்கு நான் வாணியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆலை வேலை முடித்துக் களைத்து வந்த உங்களுக்காக, விளக்கமும் கணினிக்கான கட்டளைகளும் (கோடு) திரையில் ஒரே பக்கத்தில் வரும் நோட்புக்குகளைத் தமிழில் எழுதியவர் அவர். படத்தைப் பார்த்து அன்னாசி பழுத்ததா, காயா என்று கணினி சொல்ல வேண்டும். அதுதான் முதல் பாடம். அந்தப் படங்களை எடுக்க, அன்னாசிக்குப் பேர்போன பெக்கான் நானாஸ் கடைகளில் அவர் குனிந்து நிமிர்ந்ததைப் பார்த்த ஒரு கடைக்காரர், “என்னா மிஸ், அன்னாசிக்குக் கல்யாணமா?” என்று கேட்டார். வாணி சிரித்துக்கொண்டே இன்னும் நாலு படம் எடுத்தார்.

முதல் வகுப்பிலேயே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் முனியாண்டி அண்ணனின் திரையில் பிழை என்று சிவப்பு எழுத்துகள் கொட்டின. “நமக்கெல்லாம் மண்டையில ஏறாது மிஸ்” என்று எழுந்து போனவர், அடுத்த வாரம் வரவில்லை. வாணி தோண்டிப் பார்த்தார். எங்கள் கோடு நம்பியிருந்த, பிறர் எழுதிய ஒரு லைப்ரரியை (மென்பொருள் தொகுப்பை) யாரோ புதுப்பித்திருந்தார்கள். எந்த வெர்ஷன் வேண்டும் என்று நாங்கள் குறிப்பிடாததால் புதியது வந்து, கோடு ஓடாமல் போயிருந்தது. உடனே என்னையும் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

“ஓசியில சொல்லிக் குடுக்குறோம், இதுக்கு மன்னிப்பு வேறயா?” என்று காரில் கிண்டல் செய்தேன்.

“ஓசின்னா ஒரு மனுஷனை முட்டாள்னு நெனைக்க வெக்கலாமா?” என்றார்.

அண்ணன் வீட்டில் வாணி உட்காரக்கூட இல்லை. “அண்ணே, தப்பு உங்க மேல இல்ல. எங்க மேலதான். மன்னிச்சிருங்க” என்றார். அண்ணன் திகைத்துப்போய் அடுப்படிக்கு ஓடி மைலோ கலக்கினார்; அடுத்த சனிக்கிழமை வகுப்புக்கும் வந்துவிட்டார். பெரிய கம்பெனியில் எத்தனையோ கெட்டிக்காரர்களோடு வேலை பார்க்கிறேன். இப்படி ஒருவரை நான் பார்த்ததே இல்லை.

அதிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தன் பழைய லாப்டாப்பில் வகுப்புக்காகப் போட்ட மென்பொருள் எல்லாவற்றையும் அழித்துவிடுவார். புதிதாக வந்த மாணவரைப் போல, தான் எழுதிய குறிப்பைத் தானே படித்து, முதல் வரியிலிருந்து ஓட்டிப் பார்ப்பார். தீபாவளிக்கு முந்தின நாள்கூட, முறுக்கு மாவு காயாத கையோடு அதைச் செய்தார். “அலமாக், ஐயையோ, இன்னைக்குமா?” என்றேன். “நேத்து ஓடிச்சு லா. இன்னைக்கு ஓடுதான்னு யாரு பாக்குறது?” என்றார்.

அவருடைய இறுதிக் காரியங்கள் நடந்துகொண்டிருந்த வாரத்து வெள்ளிக்கிழமை யாரும் பார்க்கவில்லை. “கிளாஸ நிறுத்திடாதீங்க” என்று அவர் கணவர் கேட்டுக்கொண்டதால் சனிக்கிழமை மண்டபத்தைத் திறந்தோம். புதிதாகச் சேர்ந்திருந்த ஓர் அம்மா முதல் வரியை ஓட்டினார். திரை முழுக்கச் சிவப்பு. “நான்தான் எதையோ தப்பா அமுக்கிட்டேன்” என்று லாப்டாப்பை மூடப் போனார். வாணி இல்லாத முதல் நாளே ஒருவரை இழக்கப் போகிறோம் என்று பயந்தேன்.

பின் வரிசையிலிருந்து முனியாண்டி அண்ணன் எழுந்து வந்தார். அந்த நோட்புக்கில் ஒரு வரிகூட அவர் எழுதியதில்லை.

“தப்பு உங்க மேல இல்லம்மா. எங்க மேலதான். மன்னிச்சிருங்க, கொஞ்சம் இருங்க” என்றார்.

அந்த அம்மா உட்கார்ந்தார். கண்ணீர் வழிய வழியத்தான் அந்தக் கோடு ஓடும்படி சரிசெய்தேன்.

வாணியின் பழைய லாப்டாப்பை அவர் கணவர் என்னிடம் கொடுத்திருக்கிறார். இன்று வெள்ளிக்கிழமை. முனியாண்டி அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். எல்லாவற்றையும் அழித்துவிட்டோம்; முதல் வரியிலிருந்து தொடங்குகிறோம்.