தளபதியின் சாய்ந்த தொப்பி

அலிங் பெலாங், அதாவது பெலாங் அக்கா, சவரக்கத்தியை எடுத்தால் பிலிப்பைன்ஸில் எங்கள் கவிதே ஊரில் யாரும் பயப்படமாட்டார்கள். வாயைத் திறந்தால்தான் பயம். அப்பா கோர்யோவின் முடிவெட்டும் கடையும் பிடிவாதமும் அவளுக்கு வந்த சொத்து. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "குனின்னா குனியற ஆம்பளைங்க கடைக்கே தினம் இருபது பேர் வர்றாங்க. வீட்டுல வேற ஒருத்தன் எதுக்கு?" என்பாள்.

அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. அப்பா மேசன் என்ற ரகசியச் சங்கத்துச் சகோதரர் என்று ஊர் ஒப்புக்கொள்ள வேண்டும். ஸ்பானியர் காலத்தில் அந்தச் சங்கத்தில் சேர்ந்தவனுக்கு நாடுகடத்தல்தான். அதனால் எல்லோரும் புனைபெயரில் சேர்ந்தார்கள். சோதனை வருகிறது என்றதும் உண்மைப் பெயர்ப் பட்டியலை எரித்துவிட்டார்கள். அப்பாவின் புனைபெயர் கிட்லாட், அதாவது மின்னல். பெலாங் இதைச் சொன்னபோதெல்லாம் ஊர் சிரித்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் சங்கக் கட்டடத்தைப் பழுதுபார்த்தபோது சுவருக்குள், ஸ்பானியரை எதிர்த்துப் போராடிய தளபதி மாக்லயாவின் கடிதங்கள் கிடைத்தன. எல்லாமே 'சகோதரர் கிட்லாட்'டுக்கு எழுதியவை. நாட்டையே நடத்திய மனிதர் முடிவெட்டுகிறவனுக்கா எழுதுவார்? சங்கத் தலைவர் டோன் ஃபெர்மின், கிட்லாட் தன் தாத்தாதான் என்று அறிவித்து, தாத்தா பெயரில் பளிங்குக்கல்லும் செதுக்கவைத்துவிட்டார்.

ஊர்ச் சதுக்கமான பிளாசாவில், தளபதி சிலைக்குக் கீழே கல்லின் திறப்பு விழா. சிலையின் தொப்பி இடக்காதை மூடிச் சாய்ந்திருக்கும். விழா நாளில் பள்ளிப் பிள்ளைகளும் அப்படியே சாய்த்துக்கொள்வார்கள். வீரத்தின் அடையாளமாம். ஃபெர்மின் கடிதத்தின் முதல் நாலு வரியை வாசித்து மடித்தார். பெலாங் எழுந்தாள்.

"அடுத்த பக்கத்தையும் படிங்க, டோன் ஃபெர்மின்."

"அது சங்கத்து ரகசியம். பொம்பளைங்க கேக்கக்கூடாது."

"என் நாற்காலியில உக்காந்தா மட்டும் சங்கத்து ரகசியம் அருவியாக் கொட்டுதே!" கூட்டம் சிரித்தது. அவள் விடவில்லை. "எங்கப்பா சொன்ன, பாதித் தலைக்கு முடி வெட்டின கதை அதுல இருக்கும். இல்லேன்னா நாளைக்கே கடையப் பூட்டிடறேன்."

ஃபெர்மினுக்கு அந்த நாலு வரியைத் தாண்டும் அளவுக்கு ஸ்பானிஷ் வராது. செயலாளர் தோரிபியோ, பழைய வாத்தியார், கடிதத்தை வாங்கிப் படித்துச் சொன்னார்.

"சகோதரரே, சிப்பாய்கள் கதவைத் தட்டியபோது என் தலையில் வலப்பக்கம் மட்டும்தான் வெட்டியிருந்தீர்கள். இடப்பக்கத்துக் காடு தெரியாதபடி உங்கள் தொப்பியைச் சாய்த்துப் போட்டு, பின்வாசல் வழியாக அனுப்பினீர்கள். சகோதரனைக் காப்பேன் என்று நாம் எல்லோரும் சத்தியம் செய்தோம்; உயிரைப் பணயம் வைத்தவர் நீங்கள். இன்றும் தொப்பியை அப்படியேதான் போடுகிறேன்."

பிளாசா முழுக்க அண்ணாந்து சிலையைப் பார்த்தது. பிறகு கிளம்பிய சிரிப்பும் கைத்தட்டலும் தேவாலயப் புறாக்களைக் கிளப்பிவிட்டன. பெலாங் சிரிக்கவில்லை; விம்மி விம்மி அழுதாள். ஃபெர்மின் மேடையிலிருந்து இறங்கி வந்தார். "எங்க தாத்தா கத்தரியத் தொட்டதேயில்ல, அலிங் பெலாங். மன்னிச்சிடுங்க."

புதுக் கல்லில் 'சகோதரர் கிட்லாட், கோர்யோ, முடிதிருத்துபவர்' என்று எழுத வைத்தாள். அந்தக் கடைசிச் சொல் இல்லாவிட்டால் கல்லே வேண்டாம் என்று ஒரே பிடியாய் நின்றாள்.

புதுக் கல்லின் திறப்பு நாள் காலையில் ஃபெர்மின் முடிவெட்டிக்கொள்ள வந்தார். பெலாங் வலப்பக்கத்தை முடித்து, கத்தரியைக் கீழே வைத்து, அவர் தொப்பியை எடுத்து இடக்காதோரம் சாய்த்துப் போட்டாள்.

"இப்படியே போய்க் கல்லத் திறந்துட்டு வாங்க. மீதிய அப்புறம் வெட்டறேன்."

அவர் அப்படியே போனார்.