அடிச்சட்டத்தின் மேல் கிடத்திய கதவு

என் ஜீப்பின் அடிச்சட்டத்தில் எட்டு இடங்களில் வெள்ளையாக இரும்பு தெரிந்தது. நான் ஊருக்குப் புறப்பட்ட நாளில் அது முழுவதும் செங்காவி நிறமாக இருந்தது. என் கையாலேயே இரண்டு முறை ரெட் ஆக்சைடு பூசியிருந்தேன். ஐந்து நாள் கழித்து வந்து பார்க்கிறேன், உள்ளங்கை அகலத்துக்கு எட்டு இடங்களில் யாரோ கிரைண்டரால் தேய்த்து வழித்திருக்கிறார்கள். தேய்த்த இடங்களைச் சுற்றிலும் பூச்சு கருகிச் சுருண்டு கிடந்தது. தேய்த்தால் பூச்சு உதிரும், கருகாது. அங்கே எதையோ பற்றவைத்துப் பிறகு பிய்த்தெடுத்திருக்கிறார்கள் என்பது எனக்கு உடனே விளங்கிவிட்டது.

மராட்டிய மாநிலத்தில், தேஹு ரோடு ரயில் நிலையத்திலிருந்து சற்றுத் தொலைவில், தகரக் கூரை போட்ட கொட்டகை ஒன்றில் எங்கள் பட்டறை இருக்கிறது. எங்கள் என்றால் நானும் என் மனைவியின் தம்பியும். கதவு, கைப்பிடிச் சுவர்க் கம்பி, மாடிப்படிச் சட்டம் ஆகியவற்றைச் செய்து மாட்டித் தருகிறோம். தொடங்கி அப்போது ஓராண்டு ஆகியிருந்தது. அதற்கு முன் நான் வண்டி உறுப்புகள் செய்யும் ஆலை ஒன்றில் தரச் சோதனைப் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகள் இருந்தேன். பிறர் செய்தவற்றை அளப்பதும், சரி என்றோ தவறு என்றோ முத்திரை இடுவதுமே என் வேலை. அத்தனை ஆண்டுகளில் நானாக ஒரு திருகாணியைக்கூடச் செய்ததில்லை. பணிவிலகல் கடிதத்தை எழுதிக் கொடுத்த அதே வாரத்தில், துருப்பிடித்துப் பாதி மக்கிய ஜீப் ஒன்றைப் பழைய இரும்புக் கிடங்கில் விலை பேசினேன். முதலிலிருந்து முடிவுவரை என் கையால் செய்து முடித்த ஒரு பொருளாவது இருக்கவேண்டும் என்று நினைத்தேன். அதை விளையாட்டு என்று சொன்னவர்கள் பலர். முதலில் சொன்னவன் என் மைத்துனன்.

பட்டறை திறந்த அன்றே நான் ஒன்றைக் கேட்டேன். வேலை செய்வதற்கு மட்டம் பார்த்த இரும்பு மேடை ஒன்று வேண்டும் என்றேன். பற்றவைத்த இரும்பு ஆறும்போது சுருங்கும். சுருங்கும்போது தன்னோடு பிணைந்திருப்பதையெல்லாம் இழுக்கும். அடியில் அசையாத சமதளம் இருந்து, அதனோடு இறுக்கிக் கட்டிவைத்தால்தான் சட்டம் முறுக்கிக்கொள்ளாது. இதைச் சொன்னபோது அவன் சிரித்தான்.

“அத்தான், இது உங்க ஃபேக்டரி இல்ல. ரோட்டோரத்துல தரையில போட்டு வெல்டு பண்ணுதவன் எல்லாம் பட்டினியாவா கெடக்கான்? மொதல்ல கஸ்டமர் வரட்டும், பெறவு மேடை கட்டுவோம்.”

வாடிக்கையாளர்கள் வந்தார்கள், மேடை வரவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. இதை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் எழுதுவது நேர்மையாகாது. வற்புறுத்துவதற்குப் பதிலாக, கொட்டகையின் பின்மூலையில் ஆறு கால்களை நிறுத்தி, நீர்க்குழாய் கொண்டு மட்டம் பார்த்து, என் ஜீப்பின் அடிச்சட்டத்தை அவற்றின் மேல் ஏற்றினேன். வியாழக்கிழமைகளில் எங்கள் பகுதியில் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். அன்றைக்குப் பட்டறை இயங்காது. அந்த வியாழன்களைத்தான் ஜீப்புக்குக் கொடுத்தேன். பட்டறைக்குரிய ஒரு மணி நேரத்தையும் நான் அதற்குத் திருடவில்லை. மக்கிய பகுதிகளை கை ரம்பத்தால் அறுத்தெடுத்து, புதுத் தகட்டை வளைத்து, மின்சாரம் வேண்டாத வாயுச் சுடரால் பற்றவைத்து, மூலைக்கு மூலை அளவுநாடா பிடித்து அளந்து, ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் தளர்த்தி மறுபடி பிடித்து, எட்டு மாதங்களில் அதை நேராக்கினேன். இரண்டு குறுக்குச் சட்டங்கள் மட்டும் இன்னும் முழுமையாகப் பற்றவைக்கப்படாமல் சில புள்ளிகளில் நின்றன. மூலைவிட்டங்கள் இரண்டும் சமமாக இருந்தன; சட்டத்தில் கோணல் இல்லை.

ஆடி நடுவில் பாணேரிலிருந்து பெரிய வேலை ஒன்று வந்தது. அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் முன்வாசலுக்கு இரட்டைக் கதவு. மைத்துனனும் எங்கள் வெல்டரும் தரையில் போட்டே செய்தார்கள். கொண்டுபோய் மாட்டியபோது இடக்கதவின் அடிமுனை வெளியே துருத்திக்கொண்டு நின்றது; இரண்டு கதவுகளும் நடுவில் சேர மறுத்தன. குடியிருப்போர் சங்கச் செயலாளர், ஓய்வுபெற்ற மராட்டியப் பெரியவர், கையைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு, கழற்றிக்கொண்டு போங்கள் என்று மட்டும் சொன்னார். திரும்பி வரும் வழியில், டெம்போவின் முன்னிருக்கையில், மைத்துனன் என்னிடம் சொன்னான்:

“ஒங்க ஜீப்புக்கு மட்டம் பாக்க எட்டு மாசம் இருந்துச்சு. பட்டறைக்கு ஒரு மேடை போட எட்டு நாள் இல்ல. அப்படித்தானே அத்தான்?”

மேடை வேண்டாம் என்றவனே அவன்தான். ஆனாலும் அவன் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. அந்தப் பாதி போதுமானதாக இருந்தது.

அதற்கு அடுத்த வாரந்தான், ஆவணி பிறந்ததும், என் பெரியம்மா பேரனின் திருமணத்துக்காகப் பாளையங்கோட்டை போனேன். கதவை மறுபடி செய்வதை நான் வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். நான்காம் நாள் அவன் தொலைபேசியில் கூப்பிட்டு, கோணிய இடக்கதவைப் பிரித்து மறுபடி செய்தாயிற்று, மாட்டியும் ஆயிற்று, நூல் பிடித்ததுபோல் நிற்கிறது என்றான். திருமண வீட்டில் பந்தியின் நடுவே நின்றுகொண்டு அவனை வாயார மெச்சினேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சுடுகிறது.

ஆகவே, அந்த எட்டு வெள்ளைத் தழும்புகளின் முன் நான் நின்றபோது, கொட்டகையின் மறுகோடியிலிருந்து அவன் உற்சாகமாகத்தான் வந்தான்.

“வந்ததும் வராததுமா அதையே மொறைச்சுப் பாத்துக்கிட்டு நிக்கீய? பாணேர்காரர் சந்தோசத்துல பேடா டப்பா குடுத்துவிட்டிருக்காரு. மேசையில இருக்கு.”

“இதுல என்னத்தப் பத்தவச்ச?”

“எதுல?”

“மாப்ள.”

“சரி, சொல்லுதேன். கோவப்படாதீய. தரையில போட்டா மறுபடியும் முறுக்கிக்கிடும். இந்த ஷெட்டுல நேரா இருக்குத சாமான் இது ஒண்ணுதான். நீங்கதானே வாரத்துக்கு ஒருக்கா சொல்லுவீய? அதான், குறுக்க நாலு பைப்பை இதுலயே பத்தவச்சு, அதுக்கு மேல கதவைக் கெடத்தினோம். இம்மி அசையல. எப்படி நம்ம ஐடியா?”

எங்கள் வெல்டர் பீகாரிலிருந்து வந்தவர், என்னைவிட மூத்தவர். அவர் கையுறையைக் கழற்றாமலே எட்ட நின்று, “பையா கோ போலா தா, ஸாப்,” என்றார். வேண்டாமென்று தம்பியிடம் சொல்லத்தான் செய்தேன் என்பது பொருள். மைத்துனன் திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தான். அவர் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

நான் நாடாவை எடுத்து மூலைவிட்டங்களை அளந்தேன். ஒன்று மற்றொன்றைவிடப் பதினொரு மில்லிமீட்டர் நீண்டிருந்தது. மறுபடியும் அளந்தேன். பதினொன்றுதான். கதவு சுருங்கி இழுத்திருக்கிறது. கனத்த சட்டம் அதை முறுக்கவிடாமல் பிடித்திருக்கிறது. பிடித்ததற்குக் கூலியாக, புள்ளிகளில் நின்ற இரண்டு குறுக்குச் சட்டங்களும் நெகிழ்ந்து, கதவுக்கு வரவேண்டிய கோணலைத் தாமே வாங்கிக்கொண்டன.

“பதினோரு மில்லிதானே அத்தான்,” என்றான் அவன். “ஓட்டும்போது தெரியவா போகுது?”

அன்று நான் கத்தியது பக்கத்துக் கொட்டகைவரை கேட்டதாகப் பின்னால் சொன்னார்கள். என்ன சொன்னேன் என்பதை எழுத நாணுகிறேன். அதில் ஒரு சொல்கூடத் திருத்தமானதன்று. திருடிக்கொண்டு போயிருந்தால்கூட என் சினம் இவ்வளவு மூண்டிருக்காது. திருடனுக்குப் பொருளின் மதிப்பாவது தெரியும். இவன் அந்த எட்டு மாத உழைப்பை நாள்தோறும் கடந்து போனவன். அது நேராக இருப்பதை அறிந்திருந்தவன். அறிந்திருந்ததனாலேயே அதைக் கெடுத்தவன். அதைவிடக் கொடியது, தான் எதையும் கெடுத்ததாக அவனுக்குத் தோன்றவே இல்லை என்பது. பேடா டப்பா மேசையில் திறந்தபடி இருந்தது.

வீட்டில் என் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அரிந்துகொண்டிருந்த வெண்டைக்காயை ஒதுக்கி வைத்தாள்.

“அவன் செஞ்சது தப்புதான். நானே அவன்கிட்ட சொல்லுதேன். ஆனா அவன் வீட்டுக்கு மூணு மாசமா ஒண்ணும் கொண்டு போகல, தெரியுமா ஒங்களுக்கு? அந்தக் கதவும் ரெண்டாவது தடவை திரும்பி வந்திருந்தா, பட்டறையை மூடியிருப்பீய ரெண்டு பேரும்.”

“அதுக்கு என் ஜீப்புதான் கெடைச்சுதா?”

“வேற என்ன வச்சிருந்தீய அங்க?”

அந்தக் கேள்வி என் சினத்தைத் தணிக்கவில்லை. நியாயமான கேள்விகள் சினத்தைத் தணிக்கும் என்பதை நான் நம்புவதில்லை. எனக்கு அவை எரிச்சலையே கூட்டுகின்றன.

மறுநாள் தனியாகப் பாணேருக்குப் போனேன். கதவைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. செயலாளர் என்னைக் கண்டதும் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, காவலாளியை விலக்கிவிட்டு, ஒற்றை விரலால் கதவைத் தள்ளிக் காட்டினார். அது ஓசையின்றி நகர்ந்து, தன் இணையோடு மயிரிழை இடைவெளியில் நின்றது. “ஏக்தம் ஸரள்!” என்றார், அவ்வளவு நேர் என்று வியந்தார். குனிந்து பார்த்தேன். இருபத்திரண்டு ஆண்டுகள் சோதித்த கண்ணுக்கு அதில் ஒரு குறையும் தென்படவில்லை. என் சட்டத்திலிருந்த நேர் முழுவதும் இங்கே வந்து நின்றுகொண்டிருந்தது. அதை ஒருவர் ஒற்றை விரலால் தள்ளிக்கொண்டிருந்தார். பின்வாசலுக்கும் இதேபோல் ஒன்று வேண்டும், கணபதி விழா வருவதற்குள் மாட்டிவிட வேண்டும் என்று அவர் சொன்னார். சரி என்றேன்.

பட்டறையில் இதைச் சொன்னபோது மைத்துனனின் முகம் மலர்ந்தது.

“அப்போ இதையும் அதுமேலயே போட்ருவோமா அத்தான்? அதான் கெட்டாச்சுங்கீயளே. இனிமே கெட என்ன இருக்கு?”

கேலியாகச் சொல்லியிருந்தால் அறைந்திருப்பேன். அவன் கேலி செய்யவில்லை, சிக்கனமாக யோசித்திருந்தான். நாடாவை அவன் கையில் கொடுத்தேன்.

“அளந்து பாரு.”

“அளக்க என்ன இருக்கு? பதினொண்ணு.”

“அதுமேல கெடத்துத கதவு எப்படி வரும்?”

அவன் சட்டத்தைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். கொட்டகையில் நேராக இருந்த ஒரே பொருளை ஒரே ஒரு கதவுக்காகத் தான் செலவழித்துவிட்டது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. நான் சிரித்தேன். நல்ல சிரிப்பன்று அது.

கதவுக்கு வந்த முன்பணத்தில் கனத்த இரும்பு உத்தரங்கள் வாங்கினோம். மேடை கட்ட ஆறு நாள் ஆயிற்று. மூவரும் சேர்ந்தே கட்டினோம். தேவைக்கு மேல் ஒரு சொல்லும் பேசிக்கொள்ளவில்லை. வெளியே விடாமல் மழை பெய்தது. தகரக் கூரையின் இரைச்சலில் பேசாமலிருப்பது எளிதாகவும் இருந்தது. ஏழாம் நாள் காலை, கதவுக்கான குழாய்களைத் தோளில் சுமந்துகொண்டு மைத்துனன் உள்ளே வந்தபோது, நானும் வெல்டரும் சங்கிலிக் கப்பியால் தூக்கி என் அடிச்சட்டத்தை மேடையின் மேல் இறக்கிக்கொண்டிருந்தோம்.

“என்ன அத்தான் இது?”

“பாத்தா தெரியலையா?”

“கணபதிக்குப் பன்னெண்டு நாள்தான் இருக்கு. புதுக் கதவுக்கு ஒம்பது நாள் வேணும்.”

“தெரியும்.”

“இது எத்தன நாளு?”

“ஆகுத வரைக்கும்.”

குழாய்களை அவன் கீழே போட்டான். போட்ட ஓசையில் வெல்டர் திடுக்கிட்டுச் சங்கிலியைப் பற்றிக்கொண்டார். நான் செயலாளரைத் தொலைபேசியில் அழைத்து, பின்வாசல் கதவு கணபதிக்கு முன் முடியாது, அதற்குப் பத்து நாள் கழித்துத் தருகிறேன் என்று இந்தியில் சொன்னேன். காரணம் கேட்டார், சொல்லவில்லை. வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன், முன்பணத்தைத் திருப்பிவிடுங்கள் என்றார்; இணைப்பைத் துண்டித்தார். அவர் சொன்னபடியே செய்தார். அந்தப் பின்வாசலில் இன்று வேறொருவர் செய்த கதவு நிற்கிறது.

“ஒரு ஜீப்புக்காக ஒரு ஆர்டர் போச்சு,” என்றான் மைத்துனன். “ஒங்களுக்குப் பைத்தியம்.”

“ஒரு கதவுக்காக என் ஜீப் போச்சு. அன்னிக்கு யாருக்குப் பைத்தியம்?”

“அது தெரியாம செஞ்சது. இது தெரிஞ்சு செய்யுதீய.”

தெரிந்துதான் செய்தேன். மேடையில் இரண்டுக்கும் இடமில்லை. முந்திய முறை என் சட்டம் வளைந்து கொடுத்தது, இம்முறை கதவு காத்திருக்கட்டும் என்பதைத் தவிர வேறு நியாயம் எனக்கிருக்கவில்லை. தொழில் செய்கிறவன் சொல்லத்தக்க நியாயமன்று அது. ஆனாலும் பின்வாங்க மனம் இடங்கொடுக்கவில்லை. இன்று அதே நிலை வந்தாலும் இடங்கொடுக்குமா என்பது ஐயமே.

கிரைண்டரை எடுத்து, நெகிழ்ந்த குறுக்குச் சட்டங்களின் புள்ளிகளை ஒவ்வொன்றாக வெட்டினேன். கடைசிப் புள்ளி விட்டதும் சட்டம் சின்ன ஓசையோடு தன் போக்குக்கு ஒதுங்கியது. வெல்டர் மழைக்குக் கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு ஆக்சிஜன் உருளை வாங்கப் போயிருந்தார். இப்படித் தளர்ந்து நிற்கும் சட்டத்தில் மூலைவிட்டம் அளக்க இரண்டு பேர் வேண்டும். நான் நாடாவின் ஒரு முனையை முன்மூலையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றேன். வாசலருகே கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்திருந்த மைத்துனன் எழுந்து வந்து மறுமுனையைப் பிடித்தான்.

“நான் மன்னிப்புக் கேக்கணும்னு எதிர்பாக்கீயளா?”

“நாடாவ இழுத்துப் புடி,” என்றேன். “தொய்யுது.”