உருண்டு வந்த கண்ணாடி மணி

சதாசிவம் என்ற பெயரைப் புஷ்பவள்ளி முதன்முதலில் கேட்டது ஒரு சாவு வீட்டில். மலேசியாவில் செடெனாக் ரப்பர் தோட்டத்தில் அவள் பெரியப்பா செல்லப்பனின் சவப்பெட்டியைத் தூக்க ஆள் தேடினார்கள். "முன்னாடி கனம் ஜாஸ்தி. சதாசிவத்தக் கூப்பிடுங்க, அவன்தான் தாங்குவான்" என்றது ஒரு குரல். வந்து நின்றவன் பெரியம்மாவின் அண்ணன் மகன். முறைக்காரன்தான். மறு வருஷம் அவளுக்கு அவனே மாப்பிள்ளை.

மாசாயில் குடியேறினார்கள். பாசீர் கூடாங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அவனுக்கு வார்ப்பு வேலை. எபோக்ஸிப் பசையில் ரவை போன்ற கண்ணாடி மணிகளைக் கலந்து, அச்சில் ஊற்றி, இறுகவிட்டு எடுத்தால் கட்டை. கனத்த இயந்திரங்களுக்கு அடியில் அண்டை கொடுக்கிற கட்டை. வெறும் பசை கொஞ்சம் நெளியும். கண்ணாடி சேர்ந்தால் விறைப்பு ஏறும். ஆனால் பசை மணியைக் கவ்விப் பிடிக்க வேண்டும். மணியில் பொட்டு ஈரம் இருந்தாலும் பிடிக்காது.

போன ஆயுத பூசைக்குத் தொழிற்சாலையில் எல்லாச் சாமானுக்கும் சதாசிவம் சந்தனம் குங்குமம் வைத்தான். கண்ணாடி மணி டிரம்மை மட்டும் மூடியே விட மனசு வரவில்லை. சோறு போடுகிற சாமானாயிற்றே! திறந்து மஞ்சள் தண்ணீர் தெளித்தான். பிறகு காற்றாடியில் உலர்த்தினான். கைக்குக் காய்ந்த மாதிரிதான் இருந்தது.

அதில் வார்த்த கட்டைகள் பக்கத்துக் கொட்டகையில் பெரிய இயந்திர மேடைக்கு அடியில் போய் உட்கார்ந்தன. அந்த மேடைக்கு அடியில் தினம் தவழ்ந்து எண்ணெய் போடுகிறவன் செல்வா, புஷ்பவள்ளியின் ஒரே தம்பி.

தீபாவளிக்கு முன்னால் அதே கலவையின் சோதனைத் துண்டை அழுத்திப் பார்த்தார்கள். படக்கென்று இரண்டாயிற்று. உடைந்த முகமெங்கும் பொட்டுப் பொட்டாகக் குழி. மணிகள் கழுவிவிட்டாற்போல உள்ளங்கையில் உருண்டன. சிலவற்றைக் கைக்குட்டையில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

"அழகா இருக்கே" என்றாள் புஷ்பவள்ளி.

"அழகா இருக்கக் கூடாது புஷ்பா. பசை புடிச்சிருந்தா இப்படி உருண்டு வராது."

மேலாளரிடம் நடந்ததைச் சொன்னான். அவர் போய் மேடைக்கட்டையைச் சுத்தியலால் தட்டினார். "கல்லு மாதிரி இருக்கு லா. வருஷக் கடைசில மாத்தலாம்."

செல்வாவும் சிரித்தான். "அலமாக்! சாமிக்குத் தெளிச்ச தண்ணி என்னையா கொல்லும், மாமா?"

"வளைஞ்சா ஓடிடலாம் மாப்ள. இது வளையாது, முனகாது. நல்லாத்தான் இருக்கும், அப்புறம் இருக்காது."

அன்றைக்குப் புஷ்பவள்ளி சோற்றைப் போட்டுவிட்டு எதிரிலேயே நின்றாள். "என் தம்பிய அங்கேருந்து எடுத்துடுங்க. எப்படியாவது."

"எடுத்துடுறேன்" என்று அவன் சோற்றைப் பிசைந்தான்.

மறு வாரம் செல்வா முறுக்குப் பொட்டலத்தோடு வந்தான். "அக்கா, என்னை வார்ப்புக்கு மாத்திட்டாங்க!"

"மேடைக்கு யாருடா?"

செல்வா வாசலில் கிடந்த மாமாவின் செருப்பையே பார்த்தான். "அவரேதான் கேட்டு வாங்கிக்கிட்டாரு."

பொட்டலத்தை அவள் பிரிக்கவேயில்லை.

வருஷக் கடைசி வந்து போயிற்று. கட்டைகளை யாரும் மாற்றவில்லை. சதாசிவம் இப்போது அந்த மேடைக்கு அடியில் வேலை செய்கிறான்.