வரிசையில் விட்ட இடம்

எழுபத்திரண்டில் ஹாய்போங் துறைமுக ஊரில் எங்கள் வட்டாரத்துக்குப் போர்ச் சுவரொட்டி வரைந்தவள் துயெத். சாயம் கலக்கிக் கொடுத்தவள் நான்.

"எதிரியைப் பெரிசா போட்டா பயம்தான் வரும், கோபம் வராது" என்பாள். சிப்பாயைக் கீழிருந்து பார்ப்பதுபோல் வரைந்தால் உயர்ந்து நிற்பான், கண்ணை நேராக வைத்தால் தெருவில் எங்கே நின்றாலும் நம்மையே பார்ப்பான். எல்லாம் அவளுக்கு அத்துப்படி. படைக்கு ஆள் சேரவில்லை என்று வட்டாரத் தலைவர் சத்தம் போட்டபோது புதிதாக ஒன்று வரைந்தாள். தோளோடு தோளாக ஆறு சிப்பாய்கள். நடுவில் ஒருவன் நிற்கிற அளவுக்கு வெற்றிடம்.

"இதுல யாரு?" என்றேன்.

"பாக்கிறவன்தான்."

ஒரே வாரத்தில் நாற்பது பேர் சேர்ந்தார்கள். படுபாவி, அப்படி ஒரு கை அவளுக்கு.

குண்டுவீச்சில் எல்லோரும் போய் அவளுக்கு மிஞ்சியது தம்பி லாம் ஒருவன்தான். பதினேழு வயது, எலும்பும் தோலும். படையில் சேரப் போனவனை, நாற்பத்தைந்து கிலோ இல்லையென்று இரண்டு தடவை திருப்பி அனுப்பியிருந்தார்கள். அந்தக் குறைச்சலை நம்பித்தான் அவள் தூங்கினாள்.

படைக்கு எடை பார்த்து ஆள் எடுக்கிற அடுத்த நாள் காலை, ஈரக் காகிதம் பறக்காமல் வைக்கிற கற்களில் நான்கைக் காணோம். எடை கூட்டப் பைக்குள் கல் போட்டுக்கொள்வது எங்கள் ஊர்ப் பையன்களின் வித்தை. துயெத்துக்கு முகம் வெளுத்துவிட்டது. எடை பார்க்கிற பள்ளிக்கூடத்துக்கு ஓடினோம்.

அவள் வரைந்த அந்த ஆறு சிப்பாய்ப் படத்துக்குக் கீழே, தராசின் மேல் நின்றான் லாம். பையன்களை அனுப்பிவைக்க வந்த தாய்மார்கள் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள்.

"தோழர், அவன் பையைப் பாருங்க" என்றாள் துயெத்.

சாயம் படிந்த நான்கு கற்களும் தரைக்கு வந்தன. எடை எழுதுகிற கிழவர் முள்ளைப் பார்த்தார். "நாப்பத்தொண்ணு. வீட்டுக்குப் போப்பா."

லாம் இறங்கவில்லை. "ஊர்ப் பிள்ளைங்களையெல்லாம் கூப்பிட்டியே அக்கா. அவங்களுக்கெல்லாம் அக்கா இல்லையா?"

தாய்மார்கள் அவளையே பார்த்தார்கள்.

துயெத் குனிந்தாள். கற்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தம்பியின் பைக்குள் வைத்தாள். நான்காவதை மட்டும் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னும் ஒரு கிலோ குறையுது" என்றார் கிழவர், முகத்தைப் பார்க்காமல்.

அதையும் வைத்தாள்.

மத்தியானமே வந்து, அந்த வெற்றிடத்தில் ஒல்லியாக ஒரு சிப்பாயை வரைந்துவிட்டாள். தலைவர் பாய்ந்து வந்தார். "யாரைக் கேட்டு அடைச்ச? இனிமே யாரு வருவான்?"

"யாரும் வர வேணாம்" என்றாள் துயெத். "இடம் நிரம்பிடுச்சு."